39 வயதில் கொலுசுப் பட்டறையிலிருந்து வேறு தொழில்: இதே ஊரில் இருந்துகொண்டே மாற முடியுமா?

சிவதாபுரம்_பட்டறை

வணக்கம். ஊர் சேலம், சிவதாபுரம். வயது 39, வரும் ஐப்பசியில் 40 முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்று கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தவன், இன்றுவரை அதே வேலை. முதலாளி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், நாங்கள் கம்பி இழுத்து, வளையம் வெட்டி, பற்றாசுப் பொடியும் வெங்காரமும் வைத்து நெருப்பை ஊதிப் பத்த வைத்து, அதாவது உருக்கி ஒட்டி, கொலுசாக்கி எடைக்கு எடை திருப்பிக் கொடுப்போம். சேதாரம் கழித்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியதிலிருந்து முதலாளிகளே பயந்து பயந்துதான் சரக்கு இறக்குகிறார்கள். வாரத்துக்கு ஆறு நாள் இருந்த வேலை இப்போது மூன்று நாள்தான்.

வேலை குறைந்தது மட்டும் காரணம் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், நான் குடித்தவன், கொஞ்சநஞ்சமாக இல்லை. விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஆனால் இன்றும் சொந்தத்தில் கல்யாணம் காட்சி என்று போனால், சகலை வாசலிலேயே என் வண்டிச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். நல்ல மனதோடுதான் செய்கிறார், அது எனக்குத் தெரியும், அதனால்தான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. தெருவில் எல்லோருக்கும் நான் அதே பழைய ஆள்தான்.

போன மாதம் பேப்பரில் ஒரு செய்தி. அரசு ஐடிஐ-யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர ஆண்களுக்கு 14 வயதிலிருந்து 40 வரை, பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது என்று போட்டிருந்தது. அந்த 40-ஐப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. இந்த வருடம் விட்டால் அந்தக் கதவு சாத்திவிடும். சிலர் திருப்பூர் போ, ஓசூர் போ, தெரியாத ஊரில் புதிதாக ஆரம்பி என்கிறார்கள். எனக்கு ஊரை விட மனமில்லை, பெண் ஒன்பதாவது படிக்கிறாள், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. நான் கேட்க நினைப்பது இதுதான்: நம்மை முழுக்கத் தெரிந்தவர்கள் நடுவிலேயே இருந்துகொண்டு ஒருத்தன் வேறு ஆளாக முடியுமா? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

குகைவாசி

நான் தடுக்கவில்லை, ஆனால் நிதானமாக யோசியுங்கள். ஐடிஐ என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை, வருகைப்பதிவு கண்டிப்பு. பக்கத்தில் உட்காருவது 16, 17 வயதுப் பையன்கள். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ் எல்லாம் உண்டு, சரி, ஆனால் அதை வைத்துக் குடும்பம் நடக்காது. ஒரு வருடம் வீட்டை யார் பார்ப்பது? இதற்குப் பதில் இருந்தால் போங்கள், இல்லையென்றால் வேறு வழி பாருங்கள்.

---

மலைரோடு_அக்கா

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மாற முடியுமா என்று கேட்கிறாய். மூன்று வருடமாகக் குடிக்கவில்லை என்பதை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறாய். இரண்டில் பெரிய வேலை அதுதான், அதை நீ முடித்துவிட்டாய், அதுவும் இதே ஊரில், இதே தெருவில், அதே சொந்தங்களுக்கு நடுவில். தொழில் மாற்றுவது அதைவிடச் சின்னது.

நான் அம்மாபேட்டை. 22 வருடம் தறி நெய்தேன், பட்டு வேட்டி. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதித்து மிதித்து இரண்டு முழங்காலும் போய்விட்டது, டாக்டர் இனி தறியில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போது எனக்கு 43. வேறு என்ன தெரியும் என்று யோசித்தால் ஒன்றுமே தெரியாது. அண்ணன் வீட்டில் ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) ஓட்ட ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட்டுவிட்டேன். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகலாம். நான் நாலு மாதம் எடுத்துக்கொண்டேன். முதல் டெஸ்ட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கல்லில் இடித்துவிட்டேன், இரண்டாவது தடவைதான் கொடுத்தார்கள்.

இப்போது வாரம் நாலு நாள் செவ்வாய்பேட்டை லீ பஜாரில் மளிகை ஏற்றி ஏற்காடு ஒண்டிக்கடை வரை கொண்டுபோய் இறக்குகிறேன், வரும்போது மிளகு, பலா, பட்டர் ஃப்ரூட் என்று அந்தந்தக் காலத்தில் கிடைப்பதை ஏற்றி வருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடவேண்டும், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்கவேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையிலேயே சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். கார்த்திகை மார்கழியில் பனி இறங்கினால் வண்டி மூக்குக்கு முன்னால் ரோடே தெரியாது. மே மாதம் கோடை விழா சமயத்தில் மெயின் ரோட்டில் ஏறி, இறங்கும்போது குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவார்கள். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், 43 வயது வரை சைக்கிள்கூட ஓட்டாதவளுக்கு இன்று இது பேச்சுவாக்கில் வருகிறது.

ஆனால் லைசென்ஸ் வந்த நாளில் நான் மாறவில்லை தம்பி. ஒரு வருடம் யார் கேட்டாலும் "சும்மா பழகுறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கூலி வாங்கிக்கொண்டு லோடு அடித்துக்கொண்டிருக்கிறேன், வாயில் வருவது அந்தச் சொல்தான். ஒரு நாள் லீ பஜாரில் மூட்டை ஏற்றுகிறவர் வண்டியைச் சுற்றி வந்து "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு மூட்டையை ஏற்ற ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஊர் ஒத்துக்கொள்ள நான் காத்திருந்தேன், ஊரோ நான் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறது. தெருவில் எனக்குப் புதுப் பேர் வர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது, அது வேறு விஷயம்.

அப்ளிகேஷன் போடு. போட்டுவிட்டுக்கூட வேண்டாம் என்று முடிவு செய்யலாம், போடாமல் விட்டால் முடிவு செய்ய ஒன்றும் இருக்காது.

---

நாகலூர்_காபி

அக்கா சொன்னதில் பாதிக்கு எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் தப்பாகச் செய்தவன், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், உதவும்.

பெங்களூரில் பதினைந்து வருடம் கம்ப்யூட்டர் வேலை. 38-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர் காபித் தோட்டம் வாங்கிக்கொண்டு வந்தேன். இடம் மாறினால் ஆள் மாறிவிடுவேன் என்று உண்மையாகவே நம்பினேன். மலை, மூடுபனி, காலையில் பறவைச் சத்தம், கோபமில்லாத மனிதன், இப்படி ஒரு படம் மனதில் இருந்தது. ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது, பெங்களூரில் இருந்த அதே ஆள்தான் இங்கேயும் எழுந்து பல் துலக்குகிறான். அதே அவசரம், அதே எரிச்சல்.

அந்த அவசரம் என்ன செய்தது என்று சொல்கிறேன். அரபிகா செடி நட்டால் காய்க்க மூன்று நாலு வருடம் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. வெயில் நிறைய விழுந்தால் சீக்கிரம் காய்க்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு நிழல் மரங்களைக் கண்டபடி கழித்துவிட்டேன். அரபிகாவுக்குப் பெரிய எதிரி தண்டுத் துளைப்பான், அந்த வண்டுக்கு வெயில் படுகிற தண்டுதான் முட்டை வைக்கப் பிடிக்கும். புழு உள்ளே போய்விட்டால் செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் இருநூறு செடிக்கு மேல் என் கையாலேயே எரித்தேன். ஆபீஸில் என்னைக் கெடுத்த அதே குணம், இங்கே செடியைக் கெடுத்தது.

என்னைத் திருத்தியது தோட்டத்தில் வேலைக்கு வந்த ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும், பக்கத்து மலைக் கிராமம். கவாத்து வெட்டுவதில் அவருக்கு நிகர் அந்தப் பக்கம் யாரும் கிடையாது, ஒரு செடியைச் சுற்றி வந்து பார்த்தாலே எந்தக் கிளை அடுத்த வருடம் காய்க்கும், எது சும்மா தின்னும் என்று சொல்லிவிடுவார். அவர் இரண்டு வருடம் என் கண் முன்னால் இருந்தார், நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, கூலி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒன்றும் தெரியாதும்மா, முதலிலிருந்து சொல்லிக் கொடுங்கள்" என்று சொல்ல இரண்டு வருடம் ஆயிற்று எனக்கு. அந்த வாக்கியத்தை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் பாதிச் செடியாவது பிழைத்திருக்கும். இப்போது தோட்டம் நிற்கிறது, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுதான் காபி இல்லாத வருடங்களில் சோறு போட்டது.

அதனால் தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் விட நினைப்பது பட்டறையையா, இல்லை தெரு உங்களைப் பார்க்கிற பார்வையையா? இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனால் ஐடிஐ முடித்த பிறகும் சகலை சாவியைக் கேட்பார், அன்றைக்கு இன்னும் அதிகமாக வலிக்கும். தொழிலுக்காக ஒரு முடிவு எடுங்கள். சாவி விஷயத்தைத் தனியாக, நேராகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் குகைவாசி கேட்ட பணக் கணக்கைத் தள்ளிவிடாதீர்கள், நான் அந்தக் கணக்கைப் போடாமல் வந்து மனைவியின் நகை போனது.

---

ஏசி_வேலை_சேலம்

அண்ணா, நான் பத்து வருடமாக ஏசி, ஃபிரிட்ஜ் ஃபீல்டு. உங்கள் பதிவில் எல்லோரும் விட்டுவிட்ட ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

பொடியும் வெங்காரமும் வைத்து ஊதிப் பத்த வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அதற்கு எங்கள் ஃபீல்டில் பிரேசிங் என்று பேர். ஏசியில் கம்பிரசரிலிருந்து காயில் என்கிற சுருள் வரை பெரும்பாலும் தாமிரக் குழாய், அதைப் பத்த வைப்பது இந்த வேலையேதான். எங்களிடம் வருகிற பையன்கள் இதில்தான் திணறுவார்கள். சூட்டை எங்கே காட்டுவது, பத்துக்கம்பி எப்போது உருகி இடுக்குக்குள் தானாக இழுத்துக்கொள்ளும், எந்த நொடியில் நெருப்பை விலக்குவது, இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் வராது, கை பழகவேண்டும். சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும், செம்பு கலந்த வெள்ளி இன்னும் சீக்கிரம் உருகிவிடும். தாமிரம் 1085. நீங்கள் இருபது வருடத்துக்கு மேலாக, பொடி உருகுகிற சூட்டுக்கும் வெள்ளியே உருகிவிடுகிற சூட்டுக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளிக்குள், கொலுசு வளையம் மாதிரி மெல்லிசான சாமானில், உருக்கிவிடாமல் பத்த வைத்திருக்கிறீர்கள். தாமிரக் குழாய் உங்கள் கைக்கு அகலமான ரோடு.

புதிதாகக் கற்க வேண்டியதும் நிறைய இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தாமிரத்தோடு தாமிரம் சேர்த்தால் வெங்காரமே வேண்டாம், எங்கள் கம்பியில் இருக்கிற பாஸ்பரஸே அந்த வேலையைச் செய்துவிடும். பித்தளை வால்வு என்றால் வெங்காரம் மாதிரி ஃபிளக்ஸ் வேண்டும். அதே பாஸ்பரஸ் கம்பியை இரும்பில் வைத்தால் ஒட்டின மாதிரி இருந்து பிறகு உடையும். ஊதும்போது குழாய்க்குள் நைட்ரஜன் லேசாக ஓடவேண்டும், இல்லையென்றால் உள்ளே கரி பிடித்து கம்பிரசரைக் கெடுக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், உள்ளே கேஸ் இருக்கும்போது நெருப்பு காட்டவே கூடாது, இப்போது வருகிற ஆர் 32 தீப்பிடிக்கிற வகை. அப்புறம் கரண்ட் வேலை. கெபாசிட்டர், வயரிங், போர்டு. அதில் நீங்கள் பதினேழு வயதுப் பையன் மாதிரிதான் ஆரம்பிக்கவேண்டும்.

ஐடிஐ-யில் குளிர்சாதனப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு கேட்பார்கள், இரண்டு வருடம். உங்களுக்கு எட்டாவது பாஸ் இருக்கிறது, வெல்டர் பிரிவுக்கு அது போதும், ஒரு வருடம்தான். கேஸ் வெல்டிங், ஆர்க், பிரேசிங் எல்லாம் அதிலேயே வரும். பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதுகிற வழியும் இருக்கிறது, அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். எட்டாவது மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எடுத்து வையுங்கள், விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்யலாம். இப்போது மார்ச். சேலம் வெயிலுக்கு ஜூன் வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பட்டறை வேலை இல்லாத நாளில் என்னோடு வாருங்கள், கூலி உண்டு. இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று மொட்டை மாடியில் ரெண்டு மணி வெயிலில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

---

குகைவாசி

ஏசி தம்பி சொல்வது சரியான வழி. பணக் கணக்கும் இதில் ஓரளவு தீர்கிறது, படிக்கிற வருடத்திலும் ஞாயிறு, லீவு நாளில் இந்த வேலைக்குப் போகலாம். நான் முதலில் எழுதியதில் பையன்கள் நடுவில் உட்காருவதைப் பற்றிச் சொன்னேன், அது தேவையில்லாத பேச்சு. என் அப்பா 50 வயதில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார், அவருக்குச் சொல்லிக் கொடுத்தது பத்து வயதில் இருந்த நான்தான். அவர் ஒரு நாளும் அதற்குக் கூச்சப்படவில்லை.

---

சிவதாபுரம்_பட்டறை

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

நாகலூர் அண்ணன் கேட்ட கேள்வி நாலு நாள் மண்டைக்குள்ளேயே இருந்தது. பட்டறையையா, பார்வையையா? பதில் சொல்லவேண்டும் என்றால், பட்டறை மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். பத்து சரியாகப் பிடிக்கிற அந்த நொடியில் வெள்ளி ஒரு மினுக்கு மினுக்கும் பாருங்கள், அதை விட்டுவிடவேண்டுமே என்றுதான் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. ஏசி தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன், "அப்போ இதையே எடுத்துக்கிட்டுத்தானே போறீங்க" என்றாள்.

தம்பியோடு மூன்று ஞாயிறு போனேன், அவருக்கே தெரியும், இங்கே மற்றவர்களுக்காக எழுதுகிறேன். முதல் நாள் அழகாபுரத்தில் ஒரு வீடு. பழைய குழாயில் ஓட்டை, கேஸை முழுக்க எடுத்துவிட்டு என் கையில் ஊதுகுழலைக் கொடுத்துவிட்டார். கை நடுங்கியது. நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோனதும் நடுக்கம் நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. கரண்ட் பக்கம் எனக்கு இன்னும் பயம்தான், கெபாசிட்டரைத் தொடுவதற்கு முன் அதில் தேங்கி நிற்கிற கரண்டை இறக்கவேண்டும் என்பதை இரண்டு தடவை மறந்து இரண்டு தடவையும் தம்பியிடம் திட்டு வாங்கினேன். அவருக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. திட்டினால் நல்லதுதான், மூன்றாவது தடவை மறக்கவில்லை.

சாவி விஷயம். பங்குனியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், வழக்கம்போல வாசலில் சகலை கையை நீட்டினார். "மாமா, மூணு வருஷம் ஆச்சு, இனி நானே வச்சுக்கிறேன்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது, வீட்டில் பத்து நாள் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, சரி, உள்ளே வா, பந்தியில் ஆள் குறையுது, பரிமாறு என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் போகும்போது வண்டி வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தார். முழுசாக நம்பவில்லை என்று தெரிந்தது. பரவாயில்லை.

எட்டாவது மார்க் ஷீட் கிடைத்துவிட்டது, அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். டிசியில் அப்பா பெயரில் ஒரு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. அதற்கு என்ன செய்வது?

---

மலைரோடு_அக்கா

பெயர் விஷயத்துக்கு முதலில் நீ படித்த பள்ளிக்கூடத்திலேயே போய்க் கேள் தம்பி, டிசி பழைய ரெஜிஸ்டரைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள், தப்பு எந்தப் பக்கம் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆதார் பக்கம் தப்பு என்றால் ஆதார் மையத்தில் திருத்தலாம். விண்ணப்பம் ஆரம்பிக்கிற வரை வைத்திருக்காதே, இந்த வாரமே போ.

சகலை வண்டி வரைக்கும் வந்தார் என்று எழுதியிருக்கிறாயே, என் அண்ணனும் முதல் ஆறு மாதம் ஏற்காடு அடிவாரம் வரை பைக்கில் பின்னாலேயே வந்தார்.

---

சிவதாபுரம்_பட்டறை

சரி அக்கா, நாளைக்கே பள்ளிக்கூடம் போகிறேன்.

ஏசி தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து ரோட்டில் நிற்கிறேன். போன வாரம் உங்களுடைய கண்ணாடி எனக்குச் சரியாக உட்காரவில்லை, பட்டறையில் வைத்திருக்கும் என் கண்ணாடியையே கொண்டுவருகிறேன்.